அய்யாவு சொன்ன பதில்

மாசியில் காமன் பண்டிகை வந்தால் எங்கள் தோட்டம் இரண்டு கட்சியாகப் பிரியும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தான், மன்மதன் சாம்பலானான் என்று பாடுவது எரிந்த கட்சி. இல்லை, அவன் எரியவே இல்லை என்று பாடுவது எரியாத கட்சி. டேப் என்னும் தோல்வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு ஒருவன் பாட்டிலேயே கேள்வி போடுவான். மற்றவன் பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். பதில் வராதவன் டேப்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட வேண்டும். ஜொகூரில் கெலாங் பாத்தா பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வருஷம் முழுக்கக் கித்தா மரத்தின் பட்டையை வெட்டிப் பால் சுமந்த ஜனங்களுக்கு அந்த லாவணிதான் ஒரே திருவிழா.

அதற்கு ஒரு சட்டமும் உண்டு. எந்தத் துரையும் போட்டதில்லை, நாங்களே வைத்துக்கொண்டது. யார் கட்டிய பாட்டையும் யாரும் பாடலாம். ஆனால் முடிக்கும்போது கட்டினவன் பேரைச் சொல்லியாக வேண்டும். சொன்னதும் சபை முழுக்க "ஆமா, ஆமா!" என்று கை தட்டும். பிறகு பாடினவன் தன் சொந்தமாக ஓர் அடியாவது கூட்ட வேண்டும். இப்படித்தான் ஒருவன் பாட்டு அடுத்தவன் வாயில் வளர்ந்துகொண்டே போகும்.

என் அக்காள் ராசம்மாவின் புருஷன் அய்யாவு எரியாத கட்சி. பால்வெட்டு அவனுக்கு வேலை. பாட்டு அவனுக்குப் பைத்தியம். ஒரு வருஷம் எரிந்த கட்சிக் காளியப்பன், "எரியவில்லை என்றால் அத்தாட்சி எங்கே?" என்று பாட்டுப் போட்டு மடக்கினான். அய்யாவு டேப்பைத் தட்டிப் பாட்டை எடுத்தான்:

நித்தம் நித்தம் கத்தி படும் கித்தா மரமே – நீ
செத்ததென்று யார் சொன்னார் சொல் கித்தா மரமே
வெட்டுப்பட்ட பட்டை மூடி வளர்வதைப் பாரு – எங்கள்
மன்மதன் எரிந்தான் என்ற மடையன் யாரு?
அய்யாவு சொன்ன பதில் இம்மட்டும் ஐயா – இனி
அடுத்த பதில் உன் பதிலாய் ஆகட்டும் ஐயா

காளியப்பனே எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டான். "பாவி, எங்கடா புடிச்ச இதை? தெனமும் நானுந்தான் அந்த மரத்தைச் செரைக்கிறேன், எனக்குத் தோணலையே!" என்றான்.

அந்தப் பாட்டு அய்யாவுக்கு முன்னாலேயே ஊர் சுற்ற ஆரம்பித்தது. மறு வருஷம் தம்போய்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தலில் ஒருவன் அதே பாட்டைப் பாடினான். கடைசி இரண்டு அடியில் அய்யாவு என்பதை எடுத்துவிட்டுத் தன் பேரை வைத்துப் பாடினான். கை தட்டினார்கள். அய்யாவு சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டான்.

"எம்பேரைத் தின்னுட்டானே மச்சான்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

ராசம்மா சிரித்தாள். "பாட்டையா அவன் தின்னான்? பேரைத்தானே! பேரை வச்சி ரொட்டி சுடப் போறியா?"

"உனக்கென்னடி தெரியும்? இனிமே என் பாட்டை எவனும் தொடக் கூடாது. பூட்டுப் போட்டு வைக்கப்போறேன்."

"பூட்டுப் போட்டா நீ எப்படி உள்ள போவ?" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

ஜொகூர் பாருவில் பாட்டுப் புத்தகம் விற்க வரும் ஜெயபாலனை அய்யாவு தேடிப் போனான். சிங்கப்பூர் அச்சுக்கூடம் ஒன்றுக்கு அவர் ஏஜண்டு. சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் பாலம் போட்ட பிறகு லாரியில் புத்தகக் கட்டோடு தோட்டம் தோட்டமாக வருவார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார்.

"அச்சுல ஏறிட்டா ஒருத்தனும் திருட முடியாது அய்யாவு. சட்டம் இருக்கு. போன வருஷம் எங்க புத்தகம் ஒண்ணை வேற ஒருத்தன் அட்டையை மாத்தி அடிச்சி வித்துட்டான். நாங்க அழுததுக்கு அளவில்ல. இப்ப எதையும் ரிஜிஸ்டர் பண்ணாம விடுறதில்ல."

"அதான் எனக்கும் வேணும். எவனும் பாடக் கூடாது," என்றான் அய்யாவு. இங்கிலீஷ் காகிதம் ஒன்றில் பெருவிரலை வைத்துவிட்டு, பாடிக் காட்டிவிட்டு வந்தான். ஜெயபாலன் பாட்டை எழுதிக்கொண்டார்.

புத்தகம் மாசிக்கு முன்னால் வந்தது. ரோஜா நிற அட்டை. நான் முப்பது வயதைத் தாண்டிய பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேதக்கார டிரெசரிடம் எழுத்துக் கூட்டக் கற்றவன். அய்யாவு அதைத் துண்டில் பொதிந்து என் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, "படி மச்சான், எம்பேரு வர்ற எடத்தைப் படி," என்றான்.

விரலை வைத்து வரி வரியாகப் போனேன். கித்தா மரம் இருந்தது. மன்மதன் இருந்தான். "மடையன் யாரு" என்ற அடியோடு பாட்டு முடிந்துவிட்டது. திருப்பினேன். கடைசிப் பக்கத்தில் அச்சுக்கூடத்தின் பேரும், இதை எவரும் அச்சிடவோ சபையில் பாடவோ கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தன.

"கடைசி ரெண்டு அடியைக் காணோம் மச்சான்."

"நல்லாப் பாரு. நீ இப்பத்தானே படிக்கப் பழகுன, விட்டிருப்ப."

மறுபடியும் பார்த்தேன். அவன் புத்தகத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

பண்டிகையன்று பொழுது சாயும்போது சபை கூடியது. ஜெயபாலன் பந்தல் ஓரத்தில் புத்தகம் பரப்பியிருந்தார். வழக்கம் போல அத்தாட்சிக் கேள்வியைக் காளியப்பன் போட்டான். ஜனங்களுக்கு அந்தப் பதிலைக் கேட்க ஆசை, அதற்காகவே போட்டான். அய்யாவு எழுந்து "நித்தம் நித்தம்" என்று எடுத்ததும் ஜெயபாலன் கையைத் தூக்கினார்.

"அந்தப் பாட்டு வேணாம்பா. அனுமதிச் சீட்டு இல்லாம சபையில பாடக் கூடாது."

"அலமாக்! பாட்டைக் கட்டுனவனே அவன்தான்லா!" என்று ஒருவன் கத்தினான்.

"எனக்கும் தெரியும். ஆனா இன்னைக்கு இவனுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் நான்தான் கட்டுனேன்னு வருவாங்க. உரிமையை இவனே எழுதிக் குடுத்திருக்கான். எவனும் பாடக் கூடாதுன்னு கேட்டதும் இவன்தான்."

"அந்த 'எவனு'ல நானும் சேர்த்தியா?" என்றான் அய்யாவு.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி நாற்காலியை விட்டு எழுந்தார். "இது சிங்கப்பூர்ச் சட்டமோ சுல்தான் சட்டமோ, எனக்குத் தெரியாது. துரைக்கு வக்கீல் கடுதாசி வந்தா என் வேலை போயிடும். புத்தகத்துல அய்யாவு பேரு இருந்தா பாடட்டும். இல்லாட்டி வேற பாட்டு." சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் புத்தகத்தை நீட்டினார். "நீ அவன் சொந்தக்காரன். நீயே படிச்சுச் சொல்லு, இருக்கா?"

நான் எழுத்துக் கற்றபோது எங்கள் லயத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டார்கள். இனி நம்மை ஒருவனும் ஏமாற்ற முடியாது என்றார்கள். சபை முழுவதும் என் வாயைப் பார்த்தது. அய்யாவும் பார்த்தான். ஒருவேளை இப்போதாவது தன் பேர் அங்கே வந்திருக்கும் என்று நம்பினான் போல.

"இல்லைங்க," என்றேன்.

"அப்ப வேற பாடு," என்றார் கிராணி.

அய்யாவு டேப்பைத் தட்டினான். வேறு பாட்டு வரவில்லை. வாயைத் திறந்தால் அதுவே வந்தது, மூடிக்கொண்டான். காளியப்பன், "விடுங்கப்பா, நான் வேற கேள்வி போடுறேன்," என்று கெஞ்சினான். ஆனால் சபைச் சட்டம் சபைச் சட்டம்தான். அய்யாவு டேப்பைத் தரையில் வைத்தான். ராசம்மா அதை எடுத்துக் கையில் கொடுக்கப் போனாள். அவன் வாங்கவில்லை, எழுந்து போய்விட்டான். அன்று காமனை எரித்தார்கள். எரியாத கட்சிக்கு ஆள் இல்லாமலே எரித்தார்கள்.

அடுத்த மாசிக்கு எங்கள் கிராணியே முன்யோசனையாக அனுமதிச் சீட்டு வாங்கி வைத்தார். படித்த பையன் ஒருவனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கூட்டிவந்தார். அவன் ரோஜா அட்டையைப் பிடித்துக்கொண்டு எழுத்துப் பிசகாமல் பாடினான். அடி கூட்டக் கூடாது, சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றான். "மடையன் யாரு" என்று பாடிவிட்டுப் புத்தகத்தை மூடினான்.

பழைய ஆட்கள் கையைத் தூக்கியபடி காத்திருந்தார்கள். பேர் வரட்டும், தட்டலாம் என்று. பேர் வரவில்லை. தூக்கிய கைகளை ஒவ்வொருவராக மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அய்யாவு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். நான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தேன். அவனுக்கு அந்தப் பக்கம் கப்பலில் புதிதாக வந்திறங்கிய ஆள் ஒருவன். பாட்டு அவனுக்குப் பிடித்துவிட்டது.

"நம்ம கித்தா மரத்தையே வச்சிக் கட்டியிருக்கான் பாருங்கண்ணே. யாருண்ணே கட்டுனது?"

நான் வாயெடுத்தேன். அய்யாவு என் தொடையை அழுத்திப் பிடித்தான்.

"யாரும் கட்டலப்பா," என்றான். "அது புத்தகத்துல உள்ளது."