நாற்பத்தொரு பேருக்குச் சொன்ன செய்தி

அவளுடைய வலைப்பூவுக்கு ‘அறை வெப்பநிலை’ என்று பெயர். பெயர் வைத்த அன்று அதைவிடச் சூடான விஷயம் எதுவும் அவள் வாழ்க்கையில் இல்லை. பிறகும் பெரிதாக எதுவும் வந்துவிடவில்லை. நாலு வருஷமாக எழுதிவருகிறாள். படிக்கிறவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டி வந்தால் முதலில் கிடைக்கும் பேருந்தில் ஏறிப் போய்விடுவாள்.

நாலு பேர் இருக்கும் இடத்தில் அவளுக்குப் பேச வாய் வராது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பாட்டில்களோடுதான் புழக்கம் என்பதால் காலம் ஓடிக்கொண்டிருந்தது. பேசாமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் வலைப்பூவில் கொட்டுவாள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்கித் தோளில் சாய்ந்தால் எழுப்பலாமா கூடாதா என்று ஒரு நாள். ஊரில் தொலைகிற குடைகளெல்லாம் கடைசியில் யாரிடம்தான் இருக்கின்றன என்று இன்னொரு நாள். நடுநடுவே அறிவிப்புகள். அவற்றை அரசாங்க அறிக்கை மாதிரி விறைப்பாக எழுதுவாள். ‘அறிவிப்பு: எங்கள் கட்டடத்து லிஃப்ட் இன்று முதல் மேலே மட்டும் போகும். இறங்க விரும்புகிறவர்கள் ஏறாமல் இருப்பது நல்லது.’ ‘அறிவிப்பு: சளி காரணமாக வெள்ளிக்கிழமை வரை சிந்தனைகள் ஒத்திவைக்கப்படுகின்றன.’

வீட்டு ஆட்களும் அதில் வருவார்கள். அம்மாவுக்கு அங்கே ‘மேலிடம்’ என்று பெயர். எதைக் கேட்டாலும் ‘ம்’ என்று மட்டும் சொல்லும் அண்ணன், எழுத்திலும் ‘ம்’தான். அண்ணி மட்டும் அண்ணியாகவே வருவாள். இப்படி ஒன்று இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அண்ணி உண்டாகியிருப்பது தெரிந்த அன்று மேலிடம் ஓர் உத்தரவு போட்டது. மூன்று மாதம் முடிகிறவரை வெளியே மூச்சு விடக் கூடாது.

“உங்க வீட்டுலயும் இப்ப சொல்லிக்காதே” என்றாள் அம்மா, அண்ணியிடம். “பத்து வாய் பத்து விதமாப் பேசும். எல்லாம் நின்னு நிலைச்சப்புறம் சொல்லிக்கலாம்.”

“சரி அத்தை” என்றாள் அண்ணி.

“ம்” என்றான் அண்ணன்.

அவளை மட்டும் யாரும் எச்சரிக்கவில்லை. “இது எங்க, யார்கிட்ட போய்ப் பேசப் போகுது” என்று அம்மா சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் அவள் எழுதிவிட்டாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை; அவ்வளவுதான் காரணம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே, தான் அத்தையான செய்தியை நாற்பத்தொரு பேருக்கும் அறிவித்தாள். இனிமேல் இந்த வீட்டில் ‘அத்தை’ என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று எழுதினாள். இந்த வேலைக்கு முன்அனுபவம் கேட்பார்களா என்றும் விசாரித்திருந்தாள். பத்தொன்பது பின்னூட்டங்கள் வந்தன. நாலு வருஷத்தில் அதுதான் அதிகம்.

பதினோராவது வாரம் கரு கலைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அண்ணன் படிவங்களில் கையெழுத்துப் போட்டான். அவள் அண்ணியின் செருப்பையும் பையையும் வைத்துக்கொண்டு நடைபாதை நாற்காலியில் இருந்தாள். டாக்டரம்மா வெளியே வந்து, “இதுக்கு யாரும் காரணம் இல்லம்மா. பாதிக்கு மேல குரோமோசோம் கோளாறுதான். அதுவா நின்னுடும்” என்றார். அவளுக்கு அது தெரியும். கல்லூரியில் இரண்டாம் வருஷப் பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வி. முழுசாக எழுதியிருந்தாள்.

வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பேர். இருபத்தாறு வயதிலும் அதுதான். அந்த வாரத்திலிருந்து அம்மா அப்படிக் கூப்பிடுவதில்லை. “இந்தா”, “ஏய்”, “இங்க பாரு” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூப்பிட்டாள். யாரும் பேசி முடிவெடுக்கவில்லை. அந்தச் சொல் புழக்கத்திலிருந்து போய்விட்டது. அண்ணன் ‘ம்’ சொல்வதையும் குறைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை அம்மா சமையலறையில் ஆரம்பித்தாள்.

“டாக்டருக்கு என்ன தெரியும். விஷயம் வெளியே போயிருக்கு. அதான்.”

“யாரும்மா சொல்லியிருப்பாங்க?” என்று அவள் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

“வேற யாரு? அவதான். துணி காயப்போடறேன்னு மாடிக்குப் போய் அரை மணி நேரம் போன் பேசினாளே, அன்னிக்குத்தான். அவங்க அம்மாவுக்குச் சொல்லியிருப்பா. அங்கேருந்து நாலு தெருவுக்குப் போயிருக்கும். படிச்சுப் படிச்சுச் சொன்னேன். யாரு கேக்கறா?”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தலையணை உறையை நாலாக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். ‘நான்தான்’ என்று சொல்ல நாலே எழுத்து. வாயில் அவை எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை.

நாற்பத்தொரு பேர் படித்ததற்கும் கரு கலைந்ததற்கும் சம்பந்தம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அம்மா அண்ணியைப் பழிப்பதற்கும் தான் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் சம்பந்தம் உண்டு என்பதும் தெரியும். இரண்டாவதற்குப் பரிசோதனை எதுவும் தேவையில்லை.

மறுநாளும் அம்மா அதையே சொன்னாள். அதற்கு மறுநாளும். அண்ணியிடம் நேராக எதுவும் கேட்பதில்லை. சாப்பாட்டைக்கூட மகளிடம்தான் கொடுத்தனுப்பினாள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். நீரேற்று நிலையங்களிலிருந்து வந்த மாதிரிகளைச் சனிக்கிழமை சீனியர் தட்டுகளில் ஊற்றி, சூட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். பதினேழு தட்டுகள். இவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கிருமி இருந்தால் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். எதிலும் ஒரு புள்ளிகூட இல்லை. பதிவேட்டில் ‘வளர்ச்சி இல்லை’ என்று பதினேழு முறை எழுதினாள். அது நல்ல முடிவு.

“இன்னிக்கு ஊரே பிழைச்சுதுடி” என்றாள் சீனியர், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. “நீ ஏன் இப்படி இருக்கே? ஒண்ணுகூட வளரலைன்னு வருத்தமா?”

“ஒண்ணுமில்லக்கா.”

“உனக்கு ‘ஒண்ணுமில்ல’தான் தாய்மொழி” என்றுவிட்டு சீனியர் கையுறையைக் கழற்றிக்கொண்டு போனாள்.

மத்தியானம் ரொட்டியைக் கடித்தபடி போனைத் திறந்தாள். யாரோ எழுதியிருந்தார்: ‘அத்தை மேடம், ஆளையே காணோமே? பதவி வந்ததும் எங்களையெல்லாம் மறந்தாச்சா?’ புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து ‘அறிவிப்பு’ என்று எழுதினாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ரொட்டி தீர்ந்துபோனது. பழைய அறிவிப்பைத் திறந்து, யார் கண்ணிலும் படாதபடி வரைவுகளுக்குள் நகர்த்தினாள். உறுதியாகத்தானா என்று போன் கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். எதுவும் தோன்றவில்லை. கை கழுவிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அம்மா பால் கொடுத்தனுப்பினாள். அண்ணி சுவரோடு தலையணையைச் சேர்த்துவைத்துச் சாய்ந்திருந்தாள். கையில் போன்.

“அதை ஏன் எடுத்துட்டே?” என்று கேட்டாள்.

“எதை அண்ணி?”

“நீ அத்தையான அறிவிப்பை. மத்தியானம் பார்க்கறேன், காணோம்.”

தம்ளரை வைக்க மேசையில் இடம் இருந்தது. அவள் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க படிப்பீங்களா?”

“இந்த வீட்டுக்கு வந்த மூணாவது மாசத்துலேர்ந்து படிக்கறேன். உங்க அண்ணனோட பழைய லேப்டாப்ல நீ லாக் அவுட் பண்ணாம விட்டிருந்தே. ‘மேலிடம்’ யாருன்னு புரிய எனக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுது.”

‘வயிறு’ என்று சொன்னதும் அண்ணி போர்வையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அம்மா உங்களைத்தான் சொல்றாங்க அண்ணி. நீங்கதான் வெளியே சொல்லிட்டீங்கன்னு.”

“தெரியும். காது நல்லாத்தான் இருக்கு.”

“நீங்க ஏன் வாயே திறக்கல?”

“என்னன்னு திறக்கறது? உங்க பொண்ணு உலகத்துக்கே பறையடிச்சிட்டான்னா? அதுக்கெல்லாம் தெம்பு இல்ல.” அண்ணி போனைக் கவிழ்த்து வைத்தாள். “எங்க அம்மாகிட்டகூட நான் சொல்லல. நெசமாவே சொல்லல. யாருக்கும் தெரியாம வந்துட்டு, யாருக்கும் தெரியாமப் போயிடுச்சு. அந்தப் பத்தொன்பது பேருக்குத்தான் தெரியும். அவங்க எழுதினதைத் தினமும் எடுத்துப் படிச்சிட்டிருந்தேன். இன்னிக்கு அதுவும் இல்ல.”

“சாரி அண்ணி.”

“எதுக்கு சாரி? எழுதினதுக்கா, எடுத்ததுக்கா?”

அவள் தம்ளரை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

“எழுதினதுக்கு வேணாம்” என்றாள் அண்ணி. “திரும்பப் போடு.”

அவள் தம்ளரை வைத்துவிட்டு, நின்றபடியே அறிவிப்பைத் திரும்பப் போட்டாள். பின்னூட்டங்கள் போன இடத்திலிருந்து அப்படியே வந்துவிட்டன. அடியில் ஒரு சேர்க்கை எழுதினாள். ‘பதினோராம் வாரத்தோடு முடிந்துவிட்டது. அண்ணி தேறிவருகிறாள். வாழ்த்தியவர்கள் வாழ்த்தைத் திரும்பப் பெற வேண்டாம்.’ போனை அண்ணியிடம் நீட்டினாள்.

அண்ணி இரண்டு முறை படித்தாள். “‘தேறிவருகிறாள்’னா பொய். ‘படுத்திருக்கிறாள்’னு மாத்து.”

மாற்றினாள்.

“அம்மாகிட்ட நானே சொல்லிடறேன் அண்ணி.”

“உன் இஷ்டம்” என்று அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதில் இருந்தது கோபமா அசதியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பாலில் ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது.

காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒரே வாக்கியத்தை ஆறு முறை சொல்லிப் பார்த்தாள். சமையலறைக்குப் போனபோது அம்மா குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா. அண்ணி யார்கிட்டயும் சொல்லல. நான்தான் சொன்னேன்.”

“என்னத்தை?”

“குழந்தை விஷயத்தை.”

அம்மா திரும்பவில்லை. “யார்கிட்ட?”

“எழுதினேன். நெட்ல எனக்குன்னு ஒரு பக்கம் இருக்கு.”

“எத்தனை பேரு படிப்பாங்க?”

“நாப்பத்தொண்ணு.”

“சொந்தமா?”

“இல்ல.”

“பழக்கமா?”

“இல்லம்மா. யாரையும் பார்த்ததே இல்ல.”

“வீட்டுக்கு ஆள் வந்தா ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறே. முகம் தெரியாதவங்ககிட்ட மட்டும் வாய் காது வரைக்கும் நீண்டுடுதா?”

பெரிய திட்டு வரும் என்று காத்திருந்தாள். அம்மா ஒரு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “சரி, விடு. போனது போச்சு. இதை அவ காதுல போட்டுடாதே. அப்புறம் நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துப் பேசுவா” என்றாள்.

“அவங்களுக்கு எழுதின அன்னிக்கே தெரியும்மா. நீ இங்க பேசினதும் தெரியும். எல்லாம் அங்க கேக்குது.”

அம்மா குழாயை மூடினாள்.

“தெரிஞ்சுமா சும்மா இருந்தா?”

“ஆமா.”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேல்தட்டு டப்பாக்களை எடுக்க ஏறுவதற்கான ஸ்டூல் அது. அதில் யாரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. ஈரத் தரையைப் பார்த்தபடி அம்மா கேட்டாள்.

“அவங்க என்ன சொன்னாங்க?”

“அண்ணியா?”

“அந்த நாப்பத்தொரு பேரு.”

“வாழ்த்துச் சொன்னாங்க.”

“என்னன்னு? படி, கேக்கறேன்.”

பேருந்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. அவள் போனை எடுத்து முதலாவதை முணுமுணுத்தாள்.

“சத்தமாப் படி” என்றாள் அம்மா.

நாலு வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரியைக்கூட அவள் வாய்விட்டுப் படித்ததில்லை. தன் குரல் யாருடையதோ போல் இருந்தது.

“‘வாழ்த்துகள். குழந்தைக்கு இப்போதே ஒரு குடை வாங்கி வைக்கவும். எப்படியும் தொலைந்துவிடும்.’”

“இது யாரு?”

“‘பேருந்துப் பயணி’ன்னு போட்டுக்குவாரு. நெசப் பேரு தெரியாது.”

“அடுத்தது.”

“‘எனக்கு மூன்று அத்தைகள். மூன்று பேருக்கும் பயந்துதான் வளர்ந்தேன். நீங்களாவது அப்படி இருக்காதீர்கள்.’”

அம்மாவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

அடுத்தது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதியது. அவள் எதை எழுதினாலும் அவர் பிழை திருத்துவார். “‘குழந்தை பிறந்த பின்னரே அத்தை. எனவே அத்தை ஆகிவிட்டேன் என்று எழுதியது பிழை. ஆகப்போகிறேன் என்பதே சரி.’”

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது உறைத்தது. போனைக் கீழே இறக்கினாள்.

“நீ என்ன பதில் போட்டே?” என்று அம்மா கேட்டாள்.

“எதுவும் போடல.”

“ஏன்?”

“அவர் சொன்னது சரிதானேம்மா.”

“என்ன சரி?” அம்மாவின் குரல் உயர்ந்தது. “பதினோரு வாரம் இருந்துச்சு இல்ல? அவரா வந்து பார்த்தாரு? ஆயாச்சுன்னா ஆயாச்சுதான். அப்படியே எழுது அவருக்கு.”

“இப்பவா?”

“இப்பவேதான்.”

‘ஆகிவிட்டேன்’ என்று தட்டினாள். வயதில் பெரியவர் என்பதால் ‘ஐயா’ என்று சேர்த்தாள். அனுப்பினாள்.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. அண்ணி எழுந்தாளா, புரண்டு படுத்தாளா என்று தெரியவில்லை. அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“பஸ் போயிடும்மா.”

“அதுக்கடுத்ததுல போ. இன்னும் எத்தனை பேரு இருக்காங்க?”

“பதினாறு. அதுக்கப்புறம் நேத்து எழுதினவங்க நாலு பேரு.”

“எல்லாத்தையும் படி” என்றாள் அம்மா.