தொட்டி ஹால்ட்டின் கல்யாண மேடை

எங்கள் தொட்டி ஹால்ட்டில் இன்றைக்கு ஒரு கல் பிளாட்பாரம் இருக்கிறது. ஒரே ஒரு ரயில் பெட்டியின் நீளம். இஞ்சினுக்கு அடுத்து மூன்றாவதாக வரும் பெட்டி அதன் எதிரில் நிற்கும். மற்றப் பெட்டிக்காரர்கள் எப்போதும்போல ஜல்லியில் நின்று தொற்றி ஏற வேண்டியதுதான். சர்க்காரிடம் இருந்த பணம் அவ்வளவுதானாம். அந்த ஒரு பெட்டி நீளம் வந்த கதையைத் தண்டவாள மேஸ்திரி கோவிந்தப்பா, தானே டில்லிக்குப் போய்க் கையோடு வாங்கி வந்ததுபோல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கூட நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் நான். நடந்ததை நான் சொல்கிறேன்.

பெங்களூர் கண்டோன்மெண்ட்டைத் தாண்டி, ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாக்களின் பின்பக்கமும் முடிந்த பிறகு தண்டவாளம் ஒரு வளைவு வளையும். அங்கேதான் எங்கள் குடிசைகள். இஞ்சின்களுக்குத் தண்ணீர் பிடிக்க வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த இரும்புத் தொட்டி ஒன்று உண்டு. அதனால்தான் தொட்டி ஹால்ட் என்று பெயர். சுதந்திரம் வந்த பிறகு எல்லாம் நன்றாக நடக்கும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். முதலில் தொட்டிக்குத் தண்ணீர் வருவது நின்றுபோயிற்று. பிறகு விளக்கு போயிற்று. பிறகு டிக்கெட் கொடுக்கிறவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு, கார்டே டிக்கெட்டும் கொடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். நாலு வேளை வந்த வண்டி இரண்டு வேளை ஆயிற்று. கடைசியில் ஒரு மழையில் மண் பிளாட்பாரம் சரிந்து பக்கத்து ஓடையோடு போய்விட்டது. கோவிந்தப்பா மனு மேல் மனு போட்டார். இந்த வருஷம் பணம் ஒதுக்கவில்லை என்ற ஒரே பதில் ஒவ்வொரு வருஷமும் வந்தது. யாரைத் திட்டுவது? நாடு முழுக்கக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறது, கொடுக்கிறவன் பை ஓட்டை.

மற்றவர்கள் எப்படியோ தொற்றி ஏறிவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்குத்தான் முடியாது. ஜெயவேலு கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறை உடைத்தவர். தங்கம் யார் வீட்டுக்கோ போயிற்று, கல்தூசி மட்டும் அவர் நெஞ்சில் குடியிருக்கிறது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். சுரங்க வேலை போய் நாங்கள் பெங்களூர் வந்த பிறகு, நான் வீட்டில் ஊதுவத்தி உருட்டினேன். அவர் வியாழக்கிழமை தோறும் ஊரின் மறுகோடியில் இருக்கும் சானடோரியத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். விடாமல் வந்தால் பல வருஷம் இருப்பார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். ஜட்கா வண்டியில் அவ்வளவு தூரம் குலுங்கிக்கொண்டு போக அவரால் ஆகாது. ரயில் ஒன்றுதான் வழி.

பிளாட்பாரம் போன பிறகு பெட்டியின் கீழ்ப்படியே அவர் இடுப்புக்கு மேலே நின்றது. கோவிந்தப்பாவும் அவருடைய ஆட்களும் அவரை அக்குளிலும் முழங்காலிலும் பிடித்துத் தூக்கி உள்ளே விடுவார்கள். நல்ல மனுஷர்கள், ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. ஆனால் அந்த வண்டியின் கார்டுக்கு நாக்கில் சனி. முதல் தடவை இவரைத் தூக்கி ஏற்றியதைக் கடைசிப் பெட்டியிலிருந்து பார்த்துவிட்டு, பச்சைக் கொடியை அசைக்கும் முன்னால், "பார்சல் ஏறியாச்சா?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். கார்டுக்கு அது பழகிப்போயிற்று. வாராவாரம் கேட்பார். வாராவாரம் இவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், மறுநாளைக்குத் துவைத்த சட்டையை நான் எடுத்து வைத்தபோது அவர் அதை மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

"நான் இனிமே வரல தனம். சொரங்கத்துல கூண்டுக்குள்ள ஏறினப்பகூட என் கால்லதான் ஏறினேன்."

நான் கெஞ்சினேன், கத்தினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வியாழக்கிழமை அப்படியே போயின. இருமல் ஏறியது. அந்தக் கார்டை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளாட்பாரத்தை நினைத்தால் அதைவிட.

அந்தச் சமயத்தில்தான் கோவிந்தப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார். மதராஸிலிருந்து தேசிகன் என்று ஒரு பெரிய அதிகாரி வருகிறாராம். இந்தப் பாதையில் உள்ள ஹால்ட்டுகளையெல்லாம் பார்த்து, எதைப் பழுதுபார்ப்பது என்று அவர்தான் முடிவு செய்வாராம். வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வந்து இங்கே இறங்கி, தள்ளு டிராலியில் மேலே பாலம் வரைக்கும் போய்விட்டு, சாயங்கால வண்டியில் திரும்புவாராம். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவர் கண்ணால் பார்த்தால் போதும், பிளாட்பாரம் வந்துவிடும், இவரும் தன் காலால் ஏறிப் போவார் என்று நினைத்தேன்.

எங்கள் ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிற இடத்தில் பானை வைத்திருப்போம். விருந்தாளி வருகிறார் என்று தெரிந்தால் முதல் காரியமாக அந்தப் பானையை எடுத்து ஒளித்துவிடுவோம். விருந்தாளி தலையில் சொட்டினாலும் பரவாயில்லை, பானை கண்ணில் படக்கூடாது. ஹால்ட்டுக்கும் அதையேதான் செய்தோம். கோவிந்தப்பாவின் ஆட்கள் முள்ளை வெட்டினார்கள், கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள், காய்ந்த தொட்டிக்கு வாழைமரம் கட்டினார்கள். நான் இருக்கிற அரிசிமாவையெல்லாம் கொட்டித் தேர்க்கோலம் போட்டேன். அவ்வளவு பெரிய மனுஷரை ஜல்லியில் குதிக்கவிட முடியுமா என்று ஒரு கேள்வி வந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் கல்யாணங்களுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற பெர்னார்ட் அண்ணனிடம் போய்க் கேட்டோம். அவர் வாடகையே வேண்டாம் என்று தன்னுடைய கல்யாண மேடையை மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். மேலே சிவப்பு ஜமக்காளமும் விரித்தார். மாலையில் அவர் தெருவில் ஒரு நிச்சயதார்த்தம், அதனால் மத்தியானம் மேடை திரும்பிவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

வெள்ளிக்கிழமை காலை வண்டி வந்தது. பெட்டிக் கதவு சரியாக மேடைக்கு நேரே நின்றது. தேசிகன் கனத்த மனுஷர், தலை நரைத்தவர், வலது முழங்காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடப்பவர். வீட்டுக் கூடத்தில் கால் வைக்கிறவர்போலச் சுகமாக ஜமக்காளத்தில் இறங்கினார். கோவிந்தப்பா மாலை போட்டார். நான் மோர் கொடுத்தேன். அவர் கோலத்தைப் பார்த்தார், சுண்ணாம்பு அடித்த கல்லைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப நன்னா வச்சிருக்கேள். இந்தப் பாதை பூரா நான் பார்த்ததெல்லாம் இடிஞ்சதும் சரிஞ்சதும்தான். மனசே விட்டுப் போச்சு. எங்கிட்ட இருக்கறது ஒரு கைப்பிடிப் பணம். அதை நிஜமா கஷ்டப்படற ஹால்ட்டுக்குக் குடுத்துடலாம், உங்களப் பத்தி எனக்குக் கவலையே இல்ல" என்றார்.

கோவிந்தப்பா என்னைப் பார்த்தார், நான் கோவிந்தப்பாவைப் பார்த்தேன். நம் வீட்டை ஒருவர் வாயாரப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது, ஒழுகலுக்கு வைத்த பானை அடுப்படியில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன். இன்னும் கொஞ்சம் மோர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டேன். அவர் டிராலியில் ஏறி உட்கார்ந்தார். ஆட்கள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மத்தியானம் பெர்னார்ட் அண்ணன் வண்டி வந்து மேடையை ஏற்றிக்கொண்டு போயிற்று. மிச்சம் இருந்தது மிதிபட்ட கோலமும் ஜல்லியும்தான்.

வீட்டுக்கு வந்து நான் அழுதேன். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கட்டிலில் கிடந்த இவர் என்னைப் பார்த்து, தோரணமெல்லாம் அதிகாரிக்குப் பிடித்ததா என்று கேட்டார். பிடித்தது, அதனால்தான் நாசமாகப் போயிற்று என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு இருமினார். 

சாயங்காலம் வெயில் தாழ்கிற நேரத்தில் டிராலி திரும்பி வந்தது. தேசிகன் புழுதியும் வேர்வையுமாக இறங்கினார். மாலையை எங்கேயோ கழற்றிவிட்டிருந்தார். வண்டியும் வந்து நின்றது. எங்கள் ஹால்ட்டில் அது நிற்பதே கொஞ்ச நேரம். அவர் பெட்டி அருகே போனார், நின்றார். கீழ்ப்படி அவர் இடுப்புக்கும் மேலே இருந்தது. குனிந்து ஜல்லியைப் பார்த்தார், திரும்பி எங்களைப் பார்த்தார்.

"காலம்பற இங்க ஒரு மேடை இருந்ததே?"

கோவிந்தப்பா தலையைச் சொறிந்தார். "அது கல்யாண மேடை சார். நிச்சயதார்த்தத்துக்குப் போயிருச்சு."

"அப்போ உங்க பிளாட்பாரம்?"

"அது ஓடையில போயிருச்சு சார். ரெண்டு வருசம் ஆச்சு."

தேசிகன் வண்டிப் பக்கம் திரும்பினார். கம்பியைப் பிடித்து இடது காலை உயர்த்திப் பார்த்தார். வலது முழங்கால் மடங்கியது. கோவிந்தப்பா தாங்கிப் பிடித்தார். இஞ்சின் அவசரமாக ஊதியது. ஆட்கள் தூக்கலாம் என்று கை வைத்தார்கள், அவர் கூச்சத்தில் உடம்பை விறைத்துக்கொண்டார். அவ்வளவு கனமான ஆள் விறைத்துக்கொண்டால் யாரால் தூக்க முடியும்? கை வழுக்கியது. அவர் முகம் சிவந்துபோயிற்று. அந்த முகத்தை நான் வியாழக்கிழமைகளில் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. இவர்தான். கட்டிலைவிட்டு எழுந்து, நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று நின்று, ஹால்ட் வரைக்கும் வந்திருந்தார். நேரே போய் அதிகாரியின் தோளில் கை வைத்தார்.

"வெக்கப்படாதீங்க சார். இவங்க நம்ம பசங்கதான், கீழ போட மாட்டாங்க. ஒடம்ப லூசா உடுங்க. மேல பார்த்துக்குங்க, கீழ நிக்கிறவங்க மூஞ்சியப் பாக்காதீங்க. நானும் இப்பிடித்தான் ஏறுவேன்."

தேசிகன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒட்டிய கன்னம், எலும்பு தெரிகிற மார்பு, சட்டை இல்லாத உடம்பு. பிறகு கண்ணை மேலே தூக்கிக்கொண்டு உடம்பைத் தளரவிட்டார். நாலு பேர் அவரை ஒரே மூச்சில் தூக்கி உள்ளே விட்டார்கள்.

கடைசிப் பெட்டியில் நின்ற கார்டுக்குச் சாயங்கால வெயில் கண்ணில் அடித்தது. யாரையோ தூக்கி ஏற்றுவது மட்டும் தெரிந்தது. பழக்கதோஷம் விடுமா?

"பார்சல் ஏறியாச்சா?"

 கோவிந்தப்பா முருகா என்று முனகினார். பெட்டிக்குள்ளிருந்து தேசிகனின் தலை வெளியே வந்தது. கார்டு இருந்த பக்கம் பார்த்தார். கீழே நின்ற இவரைப் பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்வி வழக்கமாக யாரைப் பார்த்து விழுவது என்று தேசிகனுக்குப் புரிந்திருக்க வேண்டும். நன்றாக மூச்சை இழுத்து, ஹால்ட் முழுக்கக் கேட்கிற குரலில் அந்தப் பெரிய மனுஷர் பதில் கொடுத்தார்.

"ஏறிடுத்து!"

இவர் சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்து, வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பச் சிரிப்பாகி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி நகர்ந்தது. தேசிகன் இவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். கோவிந்தப்பா தனக்குத்தான் கும்பிட்டார் என்று இன்றைக்கும் சொல்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும்.

கல் பிளாட்பாரம் உடனே வந்துவிடவில்லை. இரண்டு மழைக்காலம் போன பிறகுதான் வந்தது, அதுவும் ஒரு பெட்டி நீளம். ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல, தேசிகன் வந்துபோனதற்கு அடுத்த வியாழக்கிழமையை. புதன்கிழமை சாயங்காலம் இவராகவே பெட்டியைத் திறந்து துவைத்த சட்டையை எடுத்து வெளியே வைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுப்போய்விடுமோ என்று பயம்.

காலையில் வண்டி வந்தது. பிளாட்பாரம் இல்லை, மேடை இல்லை, அதே ஜல்லி, அதே உயரம். கோவிந்தப்பாவும் ஆட்களும் இவரைத் தூக்கி உள்ளே விட்டார்கள். நான் பின்னாலேயே தொற்றி ஏறினேன். கார்டு அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மேலிடத்தில் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாரோ, கொடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எங்கள் பெட்டியையே பார்த்தபடி நின்றார். பாவம், எப்போது அசைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. இஞ்சின் ஊதியது, வண்டி நகரவில்லை. ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, கார்டைப் பார்த்துக் கத்தினார்.

"பார்சல் ஏறியாச்சு, கொடிய காட்டுயா!"