நந்தாலேயின் ஓட்டு

"பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத! முதல்ல எல்லாருக்கும் டீயை ஊத்து!"

"ஊத்த மாட்டேன் ஐயா. குடிக்கிறவங்க ஊத்திக்கட்டும். நான் ஓட்டுப் போட வந்தவ."

நியெண்டோ ஊரில் எங்கள் தெருத் தர்மப் பிரசவ விடுதியின் நிர்வாகக் குழு கூடினால் இத்தனை சத்தம் வராது. தலைவர் கசுஜ்ஜா பேசுவார், மற்ற இருவர் தலையாட்டுவார்கள், தட்டில் வறுத்த கடலை தீரும். அந்தக் கூட்ட அறை ஜன்னலுக்கு நேரே என் வாழைத்தோட்டம். அன்று பார்த்துக் களை அதிகம். பிடுங்கித்தானே ஆகவேண்டும்?

இளைஞர் ஒருவராவது குழுவில் இருந்தால்தான் உதவி என்று நன்கொடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளரான கசுஜ்ஜா தேடிப்பிடித்தது நந்தாலேயை. வங்கி வேலை, தேவாலயத்தில் பாட்டு. எல்லாவற்றுக்கும் மேல், பெரியவர்களைக் கண்டால் அவள் மண்டியிட்டு வணங்கும் அழகு! முழங்காலைப் பார்த்தவர் வாயைப் பார்க்கவில்லை.

"மரியாதை எங்கடி போச்சு?"

"வாசல்ல மண்டி போட்டேனே! அங்க நீங்க எனக்குத் தாத்தா. இந்த மேசையில நானும் ஒரு உறுப்பினர்."

அவள் கேட்டது ஒன்றுதான். கல்யாணமாகாத பெண் பிரசவத்துக்கு வந்தால், பிள்ளையின் தகப்பனையோ தன் தகப்பனையோ கூட்டிவந்தால்தான் கட்டில் என்பது விடுதியின் விதி. அதை எடுக்கவேண்டும். அந்த விதியால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டு, டாக்ஸி நிலையத்தில் இரட்டைப் பிள்ளை பெற்றவள் நந்தாலே. ஊருக்கே தெரியும். நான் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை.

"இளைஞர் பேசலாம், ஓட்டு கிடையாது," என்றார் கசுஜ்ஜா.

"விதிப்புத்தகத்துல அப்படி எங்கேயும் இல்லியே," என்றாள் செயலாளர் நபோசா அம்மாள். கணவனை இழந்தவள், அதுவரை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள். "உறுப்பினர்னா உறுப்பினர்தான்."

"நீ யார் பக்கம்?"

"இடுப்பு வலி கண்டவ பக்கம். உங்களுக்கு வந்திருக்கா?"

கை தூக்கினார்கள். விதியை எடுக்கப் பெண்கள் இருவர். வைத்திருக்கக் கசுஜ்ஜாவும், அவர் தூக்கினால் தூக்கத்திலும் கை தூக்கும் பொருளாளர் லுப்வாமாவும்.

"சமம்னா தலைவர் முடிவுதான்," என்று சிரித்தார் கசுஜ்ஜா. "ஆச்சா? போ குட்டிப்பொண்ணே, டீயைக் கொண்டா."

அங்கேதான் மனுஷன் சறுக்கினார். எங்களில் இரட்டையரைப் பெற்றவளை நாலோங்கோ என்றுதான் அழைக்கவேண்டும், தகப்பனைச் சாலோங்கோ என்று. அலட்சியப்படுத்தினால் இரட்டையருக்குக் கோபம் வரும், வீட்டுக்கு ஆகாது. லுப்வாமாவே ஒரு சாலோங்கோ. ஆடு தும்மினாலும் இரட்டையர் கோபம் என்பவர்.

"யாரைப் பாத்துக் குட்டிப்பொண்ணுங்கற?" என்று எழுந்துவிட்டார். "அவ நாலோங்கோ!"

"கல்யாணமாகாதவளுக்கு என்னய்யா பட்டம்?"

"இரட்டைப் பிள்ளைங்க வந்து கல்யாணப் பத்திரிகை கேக்குமா? உனக்குக் கேடு வேணும்னா தனியா உக்காந்து வாங்கிக்க. பக்கத்துல நானும்ல இருக்கேன்!"

உயர்ந்திருந்த கையை இறக்கி, "விதியை எடுங்க!" என்று மறுபடி தூக்கினார்.

நந்தாலேக்கு அதுவும் போதவில்லை. "சாலோங்கோ, என் பிள்ளைங்களுக்குப் பயந்து தூக்காதீங்க. வாசல்லருந்து திரும்பிப் போற பொண்ணுங்களுக்காகத் தூக்குங்க."

"ஏன்னு கேக்காத தாயே. கை மேல இருக்கு, எண்ணிக்க!"

விதி போனது. மறுவாரமே ஒருத்தி துணிமூட்டையோடு தனியாக வந்தாள். கட்டில் கிடைத்தது, பெண் குழந்தை.

கசுஜ்ஜா பதவியை விட்டு ம்பராராவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். நபோசா அம்மாளும், மனைவியை இழந்த லுப்வாமாவும் ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் செய்துகொண்டு அவருடைய காப்பித்தோட்டத்துக்குக் குடிபோனார்கள். நான் அந்தக் கூட்டத்தன்றே சந்தேகப்பட்டேன். காலியான மூன்று இடங்களிலும் நந்தாலே தன் வயதுக்காரர்களை உட்காரவைத்தாள். அதில் ஒருவன் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுபவன். இரட்டையரின் தகப்பனும் இப்போது கல்யாணம் பேச வந்தான். விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்தில் வைக்கச் சொன்னாளாம். அவன் கம்பாலாவில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான்.