கார்டைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

கனகா வீட்டில் இல்லாத ஒரு நாளுக்காகத்தான் செல்வக்குமார் காத்திருந்தான். அக்கா மகளுக்குக் காது குத்து என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவள் திருமங்கலம் போய்விட்டாள். மதியச் சோற்றைச் சாப்பிட்ட கையோடு அவன் கம்ப்யூட்டரைத் தரையில் படுக்கவைத்து, பக்கவாட்டு மூடியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

அந்தக் கம்ப்யூட்டர் கனகாவின் பிழைப்பு. செல்லூரில் அவர்கள் குடியிருந்த சந்தில் பாதி வீடுகளில் தறி ஓடியது. இவர்கள் வீட்டு முன்னறையில் எம்பிராய்டரி மெஷின் ஓடியது. ஜாக்கெட் கைக்கும் முதுகுக்கும் வேண்டிய மயில், மாங்காய், கொடி எல்லாவற்றையும் கனகாவே திரையில் வரைவாள். மெஷின் அதைப் பார்த்துத் தைக்கும். கல்யாண வீடுகளிலிருந்து அவளைத் தேடி வருவது அந்த டிசைன்களுக்காகத்தான். ஒருத்திக்குப் போட்டதை இன்னொருத்திக்கு அப்படியே போடமாட்டாள்.

செல்வக்குமார் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லேப் அசிஸ்டெண்ட். காலேஜில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, சரிசெய்து கொடுத்தது அவன்தான். அதற்குள் ஒரு கார்டு இருந்தது. இரண்டு ஹார்ட் டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து வேலை வாங்குகிற கார்டு. "ஒரே விஷயத்த ரெண்டு டிஸ்க்லயும் எழுதிக்கிட்டே இருக்கும். ஒன்னு செத்தாலும் இன்னொன்னு இருக்கும்" என்று அன்றைக்கு அவளிடம் பெருமையாகச் சொன்னான். டிசைன்களை ஒரு பென் டிரைவிலும் போட்டு வைத்துக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டபோது சிரித்தான். "அதான் ரெண்டு இருக்குங்கிறேன்ல. உனக்கு எம்புட்டுச் சொன்னாலும் ஏறாது."

இப்போது அதே கம்ப்யூட்டரில் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. வெளியே நல்ல வேலைக்குப் போனவர்கள் எல்லாம் லினக்ஸ் தெரிந்தவர்கள். வீட்டில் உட்கார்ந்து பழகிக்கொண்டால் காலேஜை விட்டுக் கிளம்பலாம். ஆனால் போடப் பார்க்கும்போதெல்லாம் திரை கறுத்து அப்படியே நின்றுவிடும். அந்தக் கார்டு லினக்ஸோடு ஒத்துப்போகாது, கழற்றிவிட்டுப் போடு என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்.

கழற்றினான். ஒரு டிஸ்க்கின் கேபிளை நேராக மதர்போர்டில் செருகினான். இன்னொன்றைத் தொடவில்லை. அதில்தான் எல்லாம் அப்படியே இருக்கிறதே. இந்த முறை திரை கறுக்கவில்லை. இந்த டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டுப் போடவா என்று கேட்டது. யோசிக்காமல் சரி என்று அழுத்தினான். லினக்ஸ் ஏறியது. எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து, அந்தப் புதுத் திரையை ரசித்துக்கொண்டு குடித்தான்.

பிறகு கார்டைத் திரும்பச் செருகி விண்டோஸைத் தேடினான். வரவில்லை. மற்ற டிஸ்க்கைத் தனியாகப் போட்டுப் பார்த்தான். அதில் புரிகிற மாதிரி ஒன்றுமே இல்லை. கார்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தபோதுதான் புரிந்தது. அன்றைக்கு வேகமாக ஓடட்டும் என்று அவன் தேர்ந்தெடுத்திருந்தது வேறு ஏற்பாடு. ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாக்கி, பாதியை ஒரு டிஸ்க்கிலும் மீதியை மற்றதிலும் எழுதுகிற ஏற்பாடு. பாதியை அவன் அழித்தாகிவிட்டது. மீதிப் பாதியால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தான். எதுவும் திரும்பவில்லை. லினக்ஸையும் அழித்தான். மூடியை மாட்டி, கம்ப்யூட்டரை மேஜையில் ஏற்றி, விழுந்து கிடந்த தூசியைக்கூடத் துடைத்தான்.

கனகா விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தாள். கையிலிருந்த பலகாரப் பொட்டலத்தை அவனிடம் கொடுத்துவிட்டு நேராகப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். கோரிப்பாளையத்தில் கல்யாண உடுப்புக் கடை வைத்திருக்கும் சுஃபியா ஒரு நிக்காஹ் ஆர்டர் கொடுத்திருந்தாள். மறுநாள் தைத்தாக வேண்டும்.

"என்னங்க, இது என்னமோ வெறுமனே நிக்குது."

அவன் வந்து, அப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தான். இப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது ஒரு கேள்வி.

"நேத்து எப்படி ஆஃப் பண்ண?"

அவள் முகம் மாறியது. "மெஷின் எண்ணெய் வாங்கக் கடைக்கு ஓடணும்னு... ஷட் டவுன் பண்ணாம சுவிட்ச்லயே ஆஃப் பண்ணிட்டேன். நீங்க எம்புட்டு வாட்டி சொல்லிருக்கீங்க. அதுனாலயா?"

அவன் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். அது போதுமாக இருந்தது. கனகா ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, "உங்க கிட்ட என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது. பொறுத்துக்கங்க" என்றாள்.

மறுநாள் அவளைப் பைக்கில் கோரிப்பாளையம் கூட்டிப்போனான். சுஃபியாவின் கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போகும் வரை காத்திருந்து கனகா சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"பொண்ணு வீட்டுக்கு அந்த டிசைன காட்டி ஓகே வாங்கிட்டேனேம்மா" என்று சுஃபியா தலையில் கை வைத்தாள். "இப்ப நான் என்னத்தச் சொல்ல? வீட்ல இம்புட்டுப் படிச்ச மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு, ஒழுங்கா கேட்டுப் பழகியிருக்கக் கூடாதா நீ?"

செல்வக்குமார் அங்கே மாட்டியிருந்த துப்பட்டாக்களின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கனகா ஒரு வழி கண்டுபிடித்தாள். டிசைன்தான் போனது, தைத்த ஜாக்கெட்டுகள் ஊரெல்லாம் இருக்கின்றனவே. அவற்றை இரவல் வாங்கி வந்து, மேலே தாள் வைத்து வரைந்து, மறுபடியும் கம்ப்யூட்டரில் ஏற்றலாம். பழைய டிஸ்க் ஒன்றை மாட்டி, கார்டு இல்லாமலே அவன் கம்ப்யூட்டரை ஓடவைத்துக் கொடுத்தான். சுஃபியாவின் ஆர்டரை மட்டும் அவள் நினைவிலிருந்தே வரைந்து தைத்தாள். மாலையானால் இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவள் அதையே சொன்னாள். "என் தப்புதாங்க. அவசரத்துல சுவிட்ச்ல ஆஃப் பண்ணிட்டேன்." அவள் சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே ஆகிக்கொண்டு வந்தது. அவன் பின்னால் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். சில வீடுகளில் அவனுக்கும் காப்பி கொடுத்தார்கள். "நல்ல மனுஷன், ஒரு சொல் ஏசாமக் கூட்டிக்கிட்டு அலையுறாரு" என்று ஒரு அம்மா சொன்னபோது, அவன் டம்ளரைப் பாதியிலேயே கீழே வைத்தான்.

சோழவந்தானில் முத்துமீனா என்ற நர்ஸின் வீடு. அவள் ஜாக்கெட்டில்தான் கனகாவின் மிகப் பெரிய மயில் இருந்தது. முத்துமீனா எடுத்துவர உள்ளே போனாள். அவள் கணவர் கருத்தக்கண்ணன் அப்போதுதான் வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

"பொம்பளைங்க கையில கம்ப்யூட்டரக் குடுத்தா இப்படித்தான். என்ன மாப்ள, நான் சொல்றது?"

கனகா தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சிரித்தாள். செல்வக்குமாரும் சிரித்தான். அது தானாக வந்துவிட்டது. வந்த பிறகுதான், தான் சிரித்துக்கொண்டிருப்பது அவனுக்கே தெரிந்தது.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்தான். முன்னும் பின்னும் வண்டிகள். ரயில் இன்னும் வரவில்லை. அவள் மடியில் ஜாக்கெட் பை. கண்ணாடியில் பார்க்கத் தைரியமில்லாமல் கேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கனகா, நீ சுவிட்ச ஆஃப் பண்ணதுனால போகல. நான்தான் கார்டக் கழட்டிட்டு லினக்ஸ் போடப் பாத்தேன். நீ திருமங்கலம் போயிருந்தப்ப. டிஸ்க்க நான்தான் அழிச்சேன்."

ரயில் தடதடவென்று கடந்துபோனது. கேட் மேலே ஏறும்போது அவள் வண்டியிலிருந்து இறங்கினாள்.

"அந்த ஆளு சிரிச்சப்ப, நீங்களும் சிரிச்சீங்க" என்றாள்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி நடந்தாள். அவன் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். அவள் திரும்பவில்லை. மதுரை பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. அவன் பலமுறை மன்னிப்புக் கேட்டான். கேட்கக் கேட்க, அந்தச் சொல் தன் வாயில் மலிந்துபோவது அவனுக்கே தெரிந்தது. ஒருநாள் காலையில் மெஷினுக்கு நூல் மாட்டிக்கொண்டே அவள் பேசினாள்.

"நான் எந்தெந்த வாசல்ல என் தப்புன்னு சொன்னேனோ, அங்கெல்லாம் நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் கூட வர மாட்டேன்."

முதலில் சுஃபியா. அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு இங்கதான தம்பி நின்னீங்க?"

"ஆமாக்கா."

"உங்களச் சொல்லித்தான் அவள ஏசுனேன். அதையும் கேட்டுக்கிட்டுத்தான நின்னீங்க?" அவள் குரல் உயரவில்லை. "இப்ப நானும் அந்தப் புள்ளகிட்ட மாப்பு கேக்கணும். உங்க தப்புல என்னையும் கூட்டு சேத்து விட்டுட்டீங்களே."

மற்ற வீடுகளில் சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் கதவைப் பாதி திறந்தபடியே கேட்டுக்கொண்டார்கள். நல்ல மனுஷன் என்று சொன்ன அம்மா அப்படியே உள்ளே போய்விட்டாள்.

சோழவந்தானைக் கடைசியாக வைத்துக்கொண்டான். கருத்தக்கண்ணன் கேட்டுவிட்டு அவன் தோளைத் தட்டினார். "இதச் சொல்லவா இம்புட்டு தூரம் வந்தீங்க? புருஷன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும். விடுங்க மாப்ள."

விடச் சொன்னது சுகமாகத்தான் இருந்தது. அப்படியே எழுந்து போயிருக்கலாம்.

"இல்லண்ணே. நீங்க அன்னைக்குப் பொம்பளைங்கன்னு சொன்னீங்க. நான் சிரிச்சேன். அவ எந்தத் தப்பும் பண்ணல. பண்ணது நான்."

கருத்தக்கண்ணனின் கை அவன் தோளிலிருந்து இறங்கியது. உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த முத்துமீனா, மயில் ஜாக்கெட்டுக்கு ஜோடியாகத் தைத்த இன்னொன்றைக் கொண்டுவந்தாள். கொடி டிசைன் போட்டது. நாளிதழில் சுற்றி அவனிடம் நீட்டியவள், பொட்டலத்தை விடாமல் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இதையும் வரஞ்சுக்கச் சொல்லுங்க. அவங்க கையிலயே குடுத்துருவீங்கல்ல?"

"குடுத்துருவேன்" என்றான்.

அவன் வீட்டுக்கு வந்தபோது கனகா தரையில் தாளை விரித்து வரைந்துகொண்டிருந்தாள். பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தான். அவள் பிரித்து, கொடியின் வளைவை விரலால் தடவிப் பார்த்தாள். எல்லா இடமும் போனீர்களா என்று கேட்கவில்லை. யார் என்ன சொன்னார்கள் என்றும் கேட்கவில்லை.

"நான் எதுவும் பண்ணட்டுமா?" என்றான்.

அவள் யோசித்தாள். "வேணாம்" என்றாள். பிறகு, தாளை நோக்கிக் குனிந்துகொண்டே, "சாப்பிடலன்னா, சோறு சட்டியில இருக்கு" என்றாள்.

அவன் அடுப்படிக்குப் போய்த் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.