லைட்டு மஞ்சளா, புள்ள மஞ்சளா

பிள்ளை மஞ்சளாக இருக்கிறான் என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி தமிழரசிக்கு வாய் ஓய்ந்துவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பிள்ளை, நேற்றிலிருந்து பால் குடிக்க மாட்டேன் என்கிறான். உள்ளங்காலைச் சுண்டினாலும் அழாமல் தூங்குகிறான். இதைவிட வேறென்ன வேண்டுமாம் இவர்களுக்கு?

கணவன் லோகு சிறுசேரியில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவன். அவனுக்குப் பிள்ளையைப் படமெடுத்து அனுப்பினாள். "உன் லைட்டு லட்சணம் எனக்குத் தெரியாதா தமிழு? அதுல எதுதான் மஞ்சளா தெரில?" என்று போனில் சிரித்தான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. படூரில் இந்த வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆரி வேலை செய்த ரவிக்கைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறாள் தமிழரசி. இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து ஒரு ரிங் லைட் வாங்கினாள் பாருங்கள், அது அவள் மானத்தை வாங்கிவிட்டது. வெள்ளைப் பொத்தான் வந்த அன்றே செத்துப்போக, மஞ்சள் மட்டும் எரிந்தது. படத்தில் சந்தனமாகத் தெரிந்த ரவிக்கை வெள்ளையாகப் போய் இறங்கும். ஆரஞ்சு ரோஸாக இறங்கும். பார்சல் திரும்பி வரும், கூடவே திட்டும் வரும். சொந்தபந்தம் எல்லோருக்கும் அந்த லைட் ஒரு கேலி.

பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி நர்ஸும் அதே படத்தைப் பார்த்துவிட்டு, "ரூமே மஞ்சளா தெரியுதும்மா. நல்ல வெளிச்சத்துல எடுத்து அனுப்புங்க, டாக்டர்கிட்ட காட்டுறேன். முடிஞ்சா நேர்ல வந்துடுங்க" என்றாள்.

நேரில் எப்படிப் போவது? அடைமழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கூப்பிட்ட ஆட்டோக்காரர்களில் ஒருவர்கூட வரவில்லை. லோகு வேனோடு வந்தால்தான் உண்டு. ஷிப்டைப் பாதியில் போட்டுவிட்டு அவன் வர வேண்டுமானால், முதலில் அவன் நம்ப வேண்டும்.

கூடமாட ஒத்தாசைக்கு மாமல்லபுரத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் சங்கரியும் அசையவில்லை. "பொறந்த புள்ளைங்கோ அல்லாம் அப்டிதான் இருக்கும். நாலு நாள்ல சரியாப் பூடும். நீ ஏன் பேஜாராவுற?"

"அண்ணி, உங்க காலைப் புடிச்சிக்கிறேன். முக்குக் கடையில வெள்ளை பல்பு ஒண்ணு வாங்கினு வாங்க. மஞ்ச வெளிச்சம் வர்றதைக் குடுத்தா வேணாம்னு சொல்லிடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே போன சங்கரி தெப்பலாக நனைந்து பல்போடு வந்தாள். மாட்டி எடுத்தால், பிள்ளை ரோஜாப்பூ நிறத்தில் ஜொலிக்கிறான். முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும் பாழாய்ப்போன வித்தையை போன் தானாகச் செய்திருக்கிறது. அது உறைப்பதற்குள் அவள் கை அந்தப் படத்தை லோகுவுக்கு அனுப்பிவிட்டிருந்தது.

"பாத்தியா, ஜம்முனு கீறான். சும்மா கெட" என்று உடனே பதில் வந்தது.

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. போனில் ரோஸ், மடியில் மஞ்சள். கண் பார்ப்பதை நம்ப ஒரு ஜீவன் இல்லையே என்று அழுகை பொங்கியது. அழுதுகொண்டே அந்த வெளுப்பாக்கும் வித்தையைத் தேடிப்பிடித்து நிறுத்தினாள். ரிங் லைட்டை அணைத்தாள், புது பல்பையும் அணைத்தாள். திரைச்சீலையை ஒதுக்கினாள். கண்ணாடி ஜன்னல் வழியே மழைநாளின் மங்கல் வெளிச்சம் வந்தது.

"அண்ணி, அவரோட வெள்ளை வேட்டிய எடுங்க."

"இன்னாத்துக்கு?"

"புள்ளைய அதுமேல படுக்க வைக்கப்போறேன். படத்துல வேட்டி வெள்ளையா வந்தா வெளிச்சம் சரின்னு அர்த்தம். அப்புறம் புள்ள இன்னா நெறமோ, அதான் அவன் நெறம்."

ஜன்னலோரம் வேட்டியை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். வேட்டியும் மஞ்சளாகவே வந்துவிடட்டும் சாமி, நான் பைத்தியக்காரி என்றே ஆகட்டும் என்று மனதுக்குள் கும்பிட்டுவிட்டுத்தான் படமெடுத்தாள்.

வேட்டி வெள்ளைவெளேர் என்று வந்திருந்தது. அதன்மேல் நெற்றி, மார்பு, வயிறு, உள்ளங்கால் வரைக்கும் பிள்ளை மஞ்சள்.

சங்கரி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு குனிந்து பிள்ளையின் இமையை மெல்ல விலக்கிப் பார்த்தாள். விழியின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தது. "ஐயோ, கண்ணு முன்னால வெச்சிகினே பாக்காம வுட்டேனே" என்று சொல்லி, பிள்ளையின் துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

படத்தை நர்ஸுக்கும் லோகுவுக்கும் அனுப்பிய சற்று நேரத்தில் நர்ஸ் கூப்பிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டாராம். எப்படியாவது கிளம்பி வாருங்கள், கொஞ்சமும் தள்ளிப்போடாதீர்கள் என்றாள்.

அடுத்து லோகு கூப்பிட்டான். அவன் குரலில் சிரிப்பில்லை.

"தமிழு, உன் போன்ல கலரு கொஞ்சம் மாறித்தானே வரும்? எப்பவும் அப்டித்தானே?"

ரவிக்கை வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் என்று சொல்லித்தான் அவள் பிழைப்பே ஓடுகிறது. இன்றைக்கும் அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாதா என்றிருந்தது அவளுக்கு.

"இல்ல மாமா" என்றாள். "கலரு கரெக்டு. வண்டிய எடுத்துகினு வா."