மகள்கள் வரிசையில் ஒரு பெயர்

பெரியகுளத்தில் யார் செத்தாலும் அரை மணி நேரத்தில் என் போன் அடிக்கும். வீட்டில் இருந்தபடியே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்து கொடுக்கிறேன். கடை கிடையாது, முதலாளி கிடையாது. திட்டு வாங்க மட்டும் நான் ஒருத்தி.

அன்று விடியற்காலை மாந்தோப்புக்காரர் ஒச்சாண்டி இறந்துவிட்டார். மூத்த மகன் சுரேஷ்கண்ணன் படத்தை அனுப்பி, "பத்து மணிக்குள்ள வேணும் முனீஸ்வரி" என்றார். ஆறு வருஷத்துக்கு முன் அவர் அம்மாவுக்கும் நான்தான் போஸ்டர் செய்தேன். அந்தப் பழைய ஃபைலையே திறந்து படம், பெயர், தேதி மாற்றினேன். கீழே மகன்கள், மகள்கள் பெயர் கிடந்தது. பெற்ற பிள்ளைகள் மாறவா போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன். என் கையை உடைத்து அடுப்பில் வைக்க!

சரிபார்க்க அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அச்சுக்குப் போய்விட்டது.

பன்னிரண்டு மணிக்கு சுரேஷ்கண்ணன் என் வாசலில் நின்றார்.

"ராஜாத்தி பேரை யாரு போடச் சொன்னா?"

ராஜாத்தி அவருடைய கடைசித் தங்கை. நாலு வருஷத்துக்கு முன் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு கம்பம் போய்விட்டாள். அன்றைக்கே அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். எனக்கும் தெரிந்த கதைதான். காலை அவசரத்தில் என் புத்தி புல் மேயப் போயிருந்தது.

"நீங்கதானண்ணே பாத்து ஓகே போட்டீக."

"எழவு வீட்டுல எழுத்துக் கூட்டிப் படிக்கவா முடியும்? ஊரெல்லாம் ஒட்டியாச்சு. சாதிசனம் காறித் துப்புது."

"பேர் மேல பேப்பர் ஒட்டிருவோம்ணே."

"பேப்பரு கெடக்கட்டும். போஸ்டரைப் போன்ல பாத்துட்டு அவ பொறப்பட்டுட்டாளாம். தம்பி தெருமுனையில அருவாளோட நிக்கிறான். தப்பு ஒன்னோடது. நீயே சொல்லித் திருப்பி அனுப்பு."

அவளுடைய நம்பரைப் போனைப் பார்க்காமலே சொன்னார். அழைத்தேன். போஸ்டர் செய்யும் முனீஸ்வரி என்றதுமே அவள் என்னைப் பேசவிடவில்லை.

"அக்கா, எம்பேரைப் போட்டுருக்காகக்கா!" பஸ் இரைச்சலுக்கு மேல் அழுதுகொண்டே சிரித்தாள். "அண்ணன் மனசு மாறிட்டாக. தேனி தாண்டிட்டேன். அப்பா மொகத்தைப் பாத்துரலாம்ல?"

"ஆத்தா, அது என் தப்பு. பழைய ஃபைலு. யாரும் போடச் சொல்லல. வராத தாயி, ஒன் சின்ன அண்ணன் அருவாளோட நிக்கிறாராம்."

"நிறுத்துங்கண்ணே, எறங்கணும்" என்று கண்டக்டரிடம் சொன்னாள்.

சுரேஷ்கண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பைக்கில் ஏறினார்.

சாயந்திரம் அடக்கம் முடிந்ததும் அவரிடமிருந்து செய்தி வந்தது. "பதினாறாம் நாள் போஸ்டரும் நீயே பண்ணிரு. பிள்ளைக பேரு மூணுதான். பாத்துப் போடு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாய் துடித்தது. நாளைக்கும் இந்த ஊரில்தான் ஆட்கள் சாவார்கள்.

"சரிண்ணே" என்று அனுப்பினேன்.