சிவனம்மாள் வீட்டுப் பத்திரிகை

“உனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியுமா, இல்ல படமாத்தான் தெரியுமா?” என்று சூசைமுத்து ஒருநாள் இளவேனிலைக் கேட்டார். திண்டுக்கல் நாகல் நகரில் இருந்த அவருடைய அச்சகத்தில் அவள் எழுத்துக் கோக்கச் சேர்ந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோன பெண். ஈய எழுத்துகளை இடம்வலம் மாறிப் பார்த்துப் பார்த்துத்தான், படமாக இருந்தவை அவளுக்கு மெல்லச் சொற்களாயின.

கல்யாணப் பத்திரிகையின் இங்கிலீஷ் பக்கத்தைச் சூசைமுத்து பிரிப்பதே இல்லை. கோத்தது கோத்தபடி நூல் சுற்றி அலமாரியில் வைத்துவிடுவார். அடுத்த கல்யாணத்துக்குப் பேர், தேதி, மண்டபம் மட்டும் மாறும். மிஸ்டர் அண்ட் மிஸஸ் இன்னார் ‘ரிக்வெஸ்ட்’ என்ற வரி வருஷக்கணக்காக அசையாமல் கிடந்தது. தகப்பன் தவறிய வீட்டில் தாய்மாமன் ஒற்றை ஆளாக அழைத்தாலும் அதே ‘ரிக்வெஸ்ட்’தான் போகும்.

வெளியூர்ப் பத்திரிகைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடித்தவள் இளவேனில். அழைப்பவர் ஒருவர் என்றால் வினைக்குப் பின்னால் ஓர் எஸ் வேண்டும். இருவர் என்றால் வேண்டாம். தமிழிலும்தான் வருகிறாள், வருகிறார்கள் என்று ஆளுக்குத் தக்கபடி வால் மாறுகிறது. ஆனால் ஆள் கூடும்போது எழுத்துக் குறைகிற விந்தை இங்கேதான். யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு தாய்மாமன் பத்திரிகையில் பேசாமல் எஸ்ஸைச் செருகிவிட்டாள்.

சூசைமுத்து பிடித்துவிட்டார். கோயிலுக்கு வரும் வாத்தியார் ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வந்து, “ஏ வேனிலு, நீ போட்டதுதான் சரியாம்ல! இம்புட்டு வருசமா எத்தன பேர நான் கெடுத்தேனோ!” என்று சிரித்தார். அன்றிலிருந்து இங்கிலீஷ் பக்கம் அவள் பொறுப்பு.

தொண்ணூற்றெட்டு ஆவணியில், செம்பட்டியிலிருந்து உடையப்பன் தன் தங்கை சிவனம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தங்கை மகள் தமிழ்நிலாவுக்குக் கல்யாணம். திண்டுக்கல்லில் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். கூட வேலை பார்ப்பவர்களுக்காக ஒரு பக்கம் இங்கிலீஷிலும் வேண்டும் என்றார். இரண்டு பக்கத்திலும் அழைப்பவர்கள் சங்கிலி, சிவனம்மாள் என்று எழுதியிருந்தது.

சிவனம்மாள் மடியில் பையை வைத்துக்கொண்டு, இளவேனிலின் விரல்கள் எழுத்துப் பெட்டிக்குள் போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கத்துக்கும் புரூஃப் எடுத்துக் கொடுத்ததும், சூசைமுத்துவும் உடையப்பனும் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்கள்.

சிவனம்மாள் மெல்ல எழுந்து வந்தாள். “பாப்பா, இந்த இங்கிலீசுல எம்பேரு எங்கிட்டு இருக்கு?”

இளவேனில் தொட்டுக் காட்டினாள்.

“அதுக்கு முன்னாடி இருக்கது?”

“அய்யா பேரும்மா. சங்கிலின்னு.”

“அய்யாவா?” சிவனம்மாள் சிரித்துவிட்டாள். “எம்மக தவழுற வயசுல போன ஆளு தாயி. பழனிப் பக்கம் வேற குடும்பம். எட்டி ஒரு பார்வை பார்த்ததில்ல. கத்தரியும் தக்காளியும் போட்டு அவளைப் படிக்க வச்சது நானு.” குரலைத் தாழ்த்தினாள். “தமிழ்ப் பக்கம் ஊரு பாக்கும். அதுல அண்ணன் சொன்னபடி இருந்துட்டுப் போகட்டும். இங்கிலீசு எங்க சனத்துல யாரு படிக்கப் போறா? இதுல மட்டும் என்னைய ஒத்தையாப் போட்டுருவியா? அந்தப் பேர எடுத்தா ஓட்டை விழுமோ?”

“விழாதும்மா. நெருக்கிக் கட்டிரலாம்.”

கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று இளவேனிலுக்கு ஒரு கணம் தோன்றியது. கேட்டால் நடக்காது என்றும் தோன்றியது. நூலை அவிழ்த்தாள். சங்கிலியையும், அந்தப் பேரோடு ஒட்டியிருந்த ‘மிஸ்டர்’, ‘அண்ட்’ என்ற சொற்களையும் இடுக்கியால் எடுத்தாள். ‘ரிக்வெஸ்ட்’டின் வாலில் ஓர் எஸ் வைத்தாள். இரண்டு வரியையும் நடுவுக்குக் கொண்டுவந்து, மை தடவிப் புதுப் புரூஃப் எடுத்தாள். சிவனம்மாள் ஈரம் காயாத தாளை வாங்கிப் பார்த்தபடியே நின்றாள்.

டீ குடித்து வந்த உடையப்பன் அதைக் கையில் வாங்கினார். ஏழாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்.

“சங்கிலி எங்க போனான்?”

“அவரு போயித்தான் இருவது வருசமாச்சே” என்றாள் சிவனம்மாள்.

சூசைமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது, இருமி மறைத்தார். உடையப்பன் தாளை மறுபடி உற்றுப் பார்த்தார். “அவனத் தூக்கிட்டு இங்கிட்டு ஒரு எழுத்தைக் கூட்டியிருக்கீக. இது எதுக்கு?”

“ஒராளு கூப்புட்டா அப்பிடித்தான் வருமாம். அது இங்கிலீசுக்காரன் வச்சது, நான் வச்சதில்ல” என்ற சூசைமுத்து, இளவேனில் பக்கம் திரும்பினார். “நீ யாரைக் கேட்டு மாத்துன? தமிழ்ல ரெண்டு பேரு, இங்கிலீசுல ஒராளுன்னு அடிச்சா பாக்குறவுக என்னைத்தான் பேசுவாக. ஒண்ணு அதுல எடுக்கணும், இல்ல இதுல சேக்கணும்.”

“சேருங்க. தகப்பன் பேரில்லாமப் பத்திரிகை வச்சா மாப்பிள்ள வீட்டுல என்ன நெனப்பாக?” என்றார் உடையப்பன்.

“இந்தம்மாதான் எடுக்கச் சொன்னாங்க” என்றாள் இளவேனில். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “அவுக வீட்டுப் பத்திரிகை. அவுகளையும் ஒரு வார்த்த கேளுங்கண்ணே.”

உடையப்பன் தங்கையைப் பார்த்தார்.

“மாப்பிள்ள வீட்டுக்குத் தெரியும்ணே” என்றாள் சிவனம்மாள். “பொண்ணு பாக்க வந்தன்னிக்கே, நீ காப்பிக்குப் பாலு வாங்கப் போயிருந்தீல்ல, அப்பவே சொல்லிட்டேன். மாப்பிள்ளையோட ஆத்தாக்காரி எங்கையப் புடிச்சுக்கிட்டு, ‘தனியா நின்னு இம்புட்டும் செஞ்சியா’ன்னு கேட்டா. ஒனக்குத்தான் மனசு சங்கடப்படும்னு சொல்லல.”

உடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மேசையிலிருந்த தமிழ்ப் புரூஃபைத் தன் பக்கம் இழுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சங்கிலியின் பேர் மேல் அழுத்தி ஒரு கோடு போட்டார். கோடு திருப்தியாக இல்லையோ என்னவோ, மேலே இன்னொரு கோடும் போட்டார்.

“அப்ப தமிழ்லயும் எடுத்துரவா?” என்று கேட்டார் சூசைமுத்து.

உடையப்பன் பேனாவை மூடிப் பையில் செருகினார். தங்கையின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி நடந்தார்.